சங்கா, சக்கரமா?

அப்பத்தா என் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு விரல்நுனிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். வெளிச்சம் போதாவிட்டால் திண்ணைக்கு இழுத்துக்கொண்டு போவாள். "சங்கு… சங்கு… இந்தா, இது சக்கரம்" என்று எண்ணி முடித்துவிட்டு, "ஆறு சக்கரம்டி உனக்கு. யோகக்காரிதான்" என்பாள். அடுத்தது தம்பியின் கை. அவனுக்கும் ஆறு. அப்பாவுக்கு ஏழு. "அப்பன் கை அப்படியே இறங்கியிருக்கு" என்று அவள் சொல்லும்போது எங்கள் இருவருக்கும் பெருமையாக இருக்கும். அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் சரி, எந்த இடத்தில் அது நின்றுபோகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது.

மரபைப் பற்றிப் பேசுகிறவர்கள் உயரம், கண்ணின் நிறம், சர்க்கரை நோய் என்று பெரிய உதாரணங்களை எடுப்பார்கள். அங்கெல்லாம் பெற்றோர் தந்தது எது, வாழ்ந்த இடம் செய்தது எது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பிரிக்க முடியும். விரல்நுனியில் அந்த இரண்டும் கண்ணுக்கே தெரிகின்றன. ஒரு பூதக்கண்ணாடியும் சாய்வெயிலும் போதும்.

பார்த்ததும் கண்ணில் படுவது உழுத வயல். வரப்பும் வாய்க்காலும் மாறி மாறி, ஏறக்குறைய ஒரே அகலத்தில், ஒன்றையொன்று உரசாமல் வளைந்து போகின்றன. வரப்பின் உச்சியில் ஊசியால் குத்தியதுபோல வரிசையாகப் புள்ளிகள். அவை வியர்வைத் துளைகள். அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் ஏதோ ஒன்றின் வாயில் மிகச் சிறிய துளி எழுந்து மினுங்கும். அப்புறம் கண் பழகப் பழக வயலின் குறும்புகள் தெரியத் தொடங்கும். நேராக வந்துகொண்டிருந்த வரப்பு ஒன்று சட்டென்று நின்றுபோயிருக்கும். இன்னொன்று இரண்டாகக் கிளைக்கும். கிளைத்த இரண்டும் சற்றுத் தள்ளி மறுபடி கூடி, நடுவில் ஒரு தீவை விட்டுவைத்திருக்கும். மூன்று பக்கத்திலிருந்து வரும் வரப்புகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு முக்கோணம் இருக்கும். சங்கு என்றால் முக்கோணம் ஒன்று, சக்கரம் என்றால் பெரும்பாலும் இரண்டு. முக்கோணமே இல்லாமல் வில்லாக வளைந்து அடங்கிவிடும் மூன்றாவது வகையும் உண்டு. இருபது விரலுக்கு ஒன்று என்ற அளவில்தான் அது தட்டுப்படும். அப்பத்தாவின் கணக்கில் அதற்குப் பெயரே கிடையாது.

இந்த வயல் எப்போது உழப்பட்டது? கரு ஏழு, எட்டு வாரமாக இருக்கும்போது விரல்நுனியில் ஒரு குட்டி மெத்தை எழுகிறது. பத்தாவது வாரத்துக்குப் பிறகு அது மெல்ல அடங்கத் தொடங்குகிறது. வரப்புகள் முளைப்பதும் அதே சமயத்தில்தான். மெத்தை உயரமாக இருக்கும்போதே வரப்புகள் எழுந்துவிட்டால் அவை மேட்டைச் சுற்றிச் சுற்றிப் போய்ச் சக்கரமாகின்றன. மெத்தை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சங்கு. நன்றாக அடங்கிய பிறகு எழுந்தால் வில். ஆகவே சக்கரமா சங்கா என்பது, மெத்தை அடங்கும் வேகத்துக்கும் வரப்பு எழும் வேளைக்கும் இடையிலான போட்டியில் முடிவாகிறது. அந்த இரண்டையும் பெருமளவு நிர்ணயிப்பவை மரபணுக்கள்.

எந்த மரபணுக்கள் என்று தேடியவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. 23,000 பேருக்கு மேற்பட்டவர்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வில், ரேகையின் வடிவத்தோடு தொடர்புள்ளவையாக அகப்பட்டவற்றில் முன்னால் நின்றவை தோலை உருவாக்கும் மரபணுக்கள் அல்ல, கைகால்களை வளர்ப்பவை. இரண்டு சுண்டுவிரலிலும் சக்கரம் உள்ளவர்களுக்குச் சுண்டுவிரல் கொஞ்சம் நீளமாக இருக்கும் போக்கும் அதில் தெரிந்தது. தோலின் மேல் நாம் பார்க்கும் சக்கரம், விரல் விரலாக நீண்ட நாட்களின் சுவடு. படித்த அன்று என் சுண்டுவிரலை எத்தனை முறை நீட்டிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது.

வரப்புகள் எழும் விதம் அடுத்த ஆண்டு, எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஆய்வில் இன்னும் துலங்கியது. வரப்பு விரல் முழுவதும் ஒரே நேரத்தில் எழுவதில்லை. மெத்தையின் நடுவில் ஓரிடம், நகத்தை ஒட்டி ஓரிடம், விரல் மடிப்பை ஒட்டி ஓரிடம் என்று மூன்று இடங்களில் தொடங்கி அலைபோலப் பரவுகிறது. எங்கள் ஊரில் பெரிய வயலில் மூன்று ஏர் பூட்டி, மூன்று மூலையிலிருந்து ஆளுக்கொரு பக்கமாக ஓட்டி வருவார்கள். சால்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் எந்தப் பக்கமும் சேராமல் ஒரு முக்கு மிஞ்சும். ரேகையின் முக்கோணம் அப்படி மிஞ்சியதுதான்.

அலை பரவும்போது வரப்புக்கும் வரப்புக்கும் இடையே இத்தனை தூரம் என்று யார் அளந்து வைப்பது? யாரும் இல்லை. 'இங்கே எழு' என்று தூண்டும் ஒரு புரதம், 'பக்கத்தில் எழாதே' என்று தடுக்கும் இன்னொரு புரதம். இரண்டின் இழுபறியிலேயே வரிகள் தாமாக விழுகின்றன. புள்ளிகளும் வரிகளும் இப்படித் தோன்றக்கூடும் என்று 1952இலேயே கணிதமாக எழுதிக் காட்டியவர் ஆலன் டூரிங். கணினியின் முன்னோடியாக நாம் அறிந்த அதே டூரிங்தான். அவருடைய தாயார் சாரா, கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். சாராவின் தந்தை மெட்ராஸ் ரயில்வேயின் பொறியாளர். போத்தனூர் வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

எடின்பரோ ஆய்வில் என்னை இன்னும் அதிகம் ஈர்த்தது வேறொன்று. விரல் வரப்பு, முடி முளைப்பது போலவேதான் முளைக்கத் தொடங்குகிறது. மேல்தோல் கீழே குழிந்து இறங்குகிறது, அதே மரபணுக்கள் விழிக்கின்றன. ஆனால் முடிக்கு வேண்டிய அடித்தோல் செல்கள் வந்து கூடாததால், முடியாகப் புறப்பட்டது பாதி வழியில் நின்று வரப்பாகிவிடுகிறது. ஈடார் என்ற மரபணு முடியின் பருமனிலும் பல்லின் வடிவிலும் வியர்வைச் சுரப்பியின் எண்ணிக்கையிலும் கைவைப்பது. வரப்பின் அகலத்திலும் அதற்குப் பங்குண்டு. இயற்கை தன்னிடம் உள்ள நாலைந்து உளிகளை வைத்துக்கொண்டே எத்தனை சிற்பம் செய்கிறது!

இனி அப்பத்தாவின் வாக்குக்கு வருகிறேன். லண்டன் கால்டன் ஆய்வகத்தில் சாரா ஹோல்ட் என்ற அம்மையார் ரேகைகளை எண்ணுவதையே பல ஆண்டு வேலையாகச் செய்தார். முக்கோணத்திலிருந்து சுழியின் நடுவுக்கு ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வெட்டும் வரப்புகளை எண்ண வேண்டும். வில்லுக்குப் பூஜ்யம். பத்து விரலையும் கூட்டினால் ஒரு மொத்தம் வரும். அவர் எண்ணிய ஆங்கிலேய ஆண்களுக்குச் சராசரியாக 145, பெண்களுக்கு 127. முழு ஒற்றுமைக்கு 1, ஒற்றுமையே இல்லையென்றால் 0 என்று வைத்துக்கொண்டால், ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையரிடம் இந்த மொத்தம் 0.95 அளவுக்கு ஒத்துப்போனது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் 0.48. உடன்பிறந்தவர்களுக்கு 0.50. கணவனுக்கும் மனைவிக்கும் 0.05. பாதி மரபணுவைப் பகிர்ந்தவர்களிடம் பாதி ஒற்றுமை. மரபியலில் இவ்வளவு துப்புரவாக வந்து விழுந்த எண்கள் அபூர்வம். ஒரே உலையில் வெந்த சோற்றை நாற்பது ஆண்டு சேர்ந்து தின்ற தம்பதிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ரேகையைத் தொடுகிற சூழல் வீட்டுக்குள் இல்லை. அது கருப்பைக்குள், ஏழெட்டு வாரம் மட்டுமே இருந்து முடிந்துபோனது.

அந்தச் சூழல் என்ன செய்தது என்று பார்க்க எனக்கு என் தம்பி மகள்கள் இருக்கிறார்கள். அச்சில் வார்த்த மாதிரி இரட்டையர். சின்ன வயதில் ஒருத்திக்கு இரண்டு முறை சோறூட்டி, மற்றவளைப் பட்டினி போட்ட பாவம் எனக்கு உண்டு. ஒருத்தியின் அலைபேசி மற்றவளின் முகத்தைப் பார்த்தும் திறக்கும். விரலை வைத்தால் திறக்காது. ஒரு விடுமுறையில் இருவரையும் உட்கார வைத்து, ஸ்டாம்ப் மையில் விரலைத் தோய்த்து வெள்ளைத் தாளில் எடுத்தேன். இருவரின் வலது ஆள்காட்டி விரலிலும் சங்கு, ஒரே பக்கம் வாய் திறந்த சங்கு. எண்ணினால் ஒருத்திக்குப் பதினான்கு வரப்பு, மற்றவளுக்குப் பதினைந்து. இதுவரை அப்பத்தா சொன்னது. இதற்குமேல் கண்ணாடியை வைத்தால் ஒருத்தியின் சங்குக்குள் ஒரு தீவு இருக்கிறது, மற்றவளுக்கு அதே இடத்தில் வரப்பு நின்றுபோயிருக்கிறது. ஒருத்திக்கு ஓரத்தில் கிளைத்தது, மற்றவளுக்கு நடுவில். இருவரும் ஒரே பையில் கிடந்தாலும் ஒருத்தி இருந்த மூலையில் மற்றவள் இல்லை. விரல் கருப்பைச் சுவரில் பட்ட விதம், பனிக்குட நீரின் அழுத்தம், அந்த விரல் அந்த வாரத்தில் வளர்ந்த வேகம், இவற்றில் ஒரு மயிரிழை வேறுபாடு போதும். புரதங்களின் இழுபறி அதைப் பிடித்துக்கொண்டு பெரிதாக்கிவிடும்.

இதற்கு இரட்டையர்கூடத் தேவையில்லை என்பது பிறகுதான் உறைத்தது. என் இரண்டு பெருவிரல்களுக்கும் மரபணு ஒன்றுதான், தாய் ஒருத்திதான், நாளும் ஒன்றுதான். சேர்த்து வைத்துப் பார்த்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் ஒத்திருக்கின்றன. ஆனால் இடதில் மூன்று கிளைகள் இருக்கும் இடத்தில் வலதில் ஒன்றுகூட இல்லை.

பிரான்சிஸ் கால்டன் இந்த ரேகைகளில் வேறொன்றைத் தேடினார். இன மேம்பாடு என்ற பெயரில் மனிதரைத் தரம் பிரிக்கும் கொள்கைக்குப் பெயர் சூட்டியவர் அவர். இனத்தின் அடையாளமும் அறிவின் அடையாளமும் விரலில் இருக்கும் என்று நம்பி, பல இனத்தாரின் ரேகைகளைத் திரட்டி ஆராய்ந்தார். கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதை 1892இல் வெளியிட்ட தன் நூலிலேயே எழுதினார். சக்கரம் ஒரு நாட்டில் கொஞ்சம் கூடுதலாகவும் இன்னொரு நாட்டில் கொஞ்சம் குறைவாகவும் இருப்பது உண்மை. ஆனால் எந்த மக்களுக்கும் தனியாக ஒரு ரேகை இல்லை. அந்தக் கொள்கை பிற்காலத்தில் விளைவித்த கொடுமைகளை அறிந்த எனக்கு, அதைத் தோற்றுவித்தவரின் கைக்குள் இருந்த சாட்சியே அவருக்கு எதிராக நின்றது பெரிய ஆறுதல்.

வரப்புகள் எதற்காக? மரம் ஏறும் பிடிக்காக என்றுதான் நெடுநாள் சொன்னார்கள். குரங்குகள் எல்லாவற்றுக்கும் இது உண்டு. சிலந்திக் குரங்குக்கு, கிளையைச் சுற்றிப் பிடிக்கும் வாலின் அடிப்பக்க நுனியிலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கோலாவும் ரேகை உள்ள விலங்கு. நமக்கும் அதற்குமான பொது மூதாதை பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. நம் கிளையில் ஒருமுறை, அதன் கிளையில் தனியாக ஒருமுறை என்று இயற்கை இதே வரப்பை இரண்டு தடவை உழுதிருக்கிறது. மின் நுண்ணோக்கியில் வைத்தால்கூட கோலாவின் ரேகையை மனிதனுடையதிலிருந்து பிரித்தறிவது கடினம்.

ஆனால் 2009இல் மான்செஸ்டரில் அளந்து பார்த்தபோது, வழவழப்பான பரப்பில் வரப்புள்ள தோல் தொடும் இடம், வரப்பில்லாத தோல் தொடக்கூடியதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று தெரிந்தது. தொடும் இடம் குறைந்தால் பிடியும் தளரும். அதே ஆண்டில் பாரிஸ் ஆய்வாளர்கள் இன்னொரு பயனைக் காட்டினார்கள். வரப்புள்ள விரல் ஒரு பரப்பின் மேல் நகரும்போது, தோலின் ஆழத்தில் உள்ள உணர்வு முனைகளுக்கு ஏற்ற அதிர்வு பெருகுகிறது. மாவு மில்லில் அம்மா ஒரு சிட்டிகை மாவை எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்துவிட்டு, "இன்னொரு ஓட்டு ஓட்டுங்கண்ணே, நறநறங்குது" என்பார். கண்ணுக்குத் தெரியாத அந்த நறநறப்பை எழுப்பிக் காட்டியது இந்த வரப்புகள்தான் போலும்.

வரப்பே இல்லாமல் பிறப்பவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்தில் ஒரு குடும்பத்தில் பலருக்கும் விரல்நுனி வழுவழுவென்று இருந்தது. அவர்களில் ஒரு பெண் அமெரிக்க எல்லையில் ரேகை கொடுக்க முடியாமல் தடுமாறினார். ஸ்மார்கேட்1 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஒரு மாற்றம்தான் காரணம் என்பது 2011இல் தெரியவந்தது.

என் அம்மாவுக்கு ஏற்பட்டது அது அல்ல. ரேஷன் கடையில் கருவியின் மேல் பெருவிரலை வைக்கிறார், ஏற்கவில்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை. "ரேகை விழலைம்மா" என்கிறார் கடைக்காரத் தம்பி. அறுபது ஆண்டு சாம்பலும் புளியும் போட்டுப் பாத்திரம் தேய்த்த கை. வீட்டுக்கு வந்ததும் அந்த விரலைக் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்தேன். வயது தோலை உலர்த்திச் சுருக்கங்களை ரேகைக்குக் குறுக்கே இழுத்துவிட்டிருந்தது. வரப்புகள் மழையில் கரைந்த வயல்போல மழுங்கியிருந்தன. ஆனாலும் சாய்வெயிலில் மெல்லத் திருப்பத் திருப்ப, அடியில் அந்தச் சுழி இருந்தது. மேல்தோல் எத்தனை தேய்ந்தாலும், அதற்குக் கீழே இரண்டு தோலும் ஒட்டுமிடத்தில் பழைய அச்சு அப்படியே கிடக்கும். சக்கரம்தான்.

போன வாரம் இரட்டையரில் மூத்தவள் ஸ்கேன் படம் அனுப்பியிருந்தாள். பதின்மூன்றாவது வாரம். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவில் ஒரு பிள்ளை, ஒரு கையை முகத்துக்கு நேரே தூக்கி வைத்திருக்கிறது. "பொண்ணா பையனான்னு கேக்காதீங்க அத்தை, சொல்ல மாட்டாங்க" என்று எழுதியிருந்தாள். நான் கேட்க நினைத்தது அதை அல்ல. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்த விரல்நுனிகளைப் பார்த்தேன். அரிசிமணியைவிடச் சிறியவை. படத்தில் வெறும் வெள்ளைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளில் இந்த வாரம்தான் உழவு நடந்துகொண்டிருக்கிறது.