உப்புத் தண்ணி எரிந்த கதையும் ஒரு டிகிரி கணக்கும்

ரேடியோ அலையை விட்டுப் புற்றுநோய்க் கட்டியை 'எரித்துவிடும்' கருவி பற்றிய வீடியோ ஒன்று எங்கள் அனுமந்தன்பட்டிப் பக்க வாட்ஸப் குழுக்களில் வருசம் ஒருமுறையாவது சுற்றுக்கு வந்துவிடுகிறது. 'மருந்துக் கம்பெனிகள் மறைத்த உண்மை' என்று தலைப்பு வேறு. அதில் வருபவர் ஜான் கான்சியஸ். அமெரிக்காவில் ஈரி என்ற ஊர்க்காரர், ரேடியோ நிலையத் தொழிலில் இருந்தவர். தனக்கு ரத்தப் புற்றுநோய் வந்து கீமோவில் அவதிப்பட்ட காலத்தில், வீட்டுக் கேக் தட்டுகளை வைத்தே முதல் கருவியைக் கட்டினார். 2007இல் அவருடைய அலைக்கு முன்னால் உப்புத் தண்ணி தீப்பிடித்து எரிந்த காட்சி உலகம் முழுக்கப் பரவியது. 2008இல் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி. 2009இல் காலமானார்.

அவரைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கதை சொல்லப்படும் விதத்தில்தான் குறை. ரேடியோ அலையால் உடம்பைச் சூடாக்குவது புதுசே இல்லை. முழங்கால் வலிக்கு பிசியோதெரபியில் வைக்கிற ஷார்ட்வேவ் பெட்டி 27.12 மெகாஹெர்ட்ஸில் அதைத்தான் செய்கிறது. கான்சியஸ் எடுத்துக்கொண்டது 13.56. கட்டிக்குள் தங்க நானோதுகளை அனுப்பினால் அது மட்டும் சூடாகும் என்பதுதான் அவர் சொன்ன புதுசு. அதைத்தான் பிறகு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். தங்கத் துகள் இந்த அலையை உறிஞ்சுவது சொற்பம், சூட்டுக்குக் காரணம் கரைசலில் இருந்த உப்புதான் என்று 2011இல் ஒரு கட்டுரை வந்தது. அது எந்த வாட்ஸப் குழுவுக்கும் வரவில்லை!

சூடாக்குவது லேசு. எங்கே, எத்தனை டிகிரி என்பதில்தான் மொத்தச் சிக்கலும். இந்தச் சிகிச்சைக்கு ஹைப்பர்தெர்மியா என்று பேர். கட்டியை 40இலிருந்து 43 டிகிரி வரை ஒரு மணி நேரம் போல வைத்திருக்க வேண்டும், அதுவும் கதிர்சிகிச்சையோடு சேர்த்து. கதிர் பட்டு உடைந்த டிஎன்ஏவை செல் தானே ஒட்டவைத்துக்கொள்ளும். சூடு அந்த ஒட்டுவேலையைக் கெடுக்கிறது. இதற்குத் துறையில் ஒரு கணக்கு உண்டு. 43 டிகிரியில் ஒரு மணி நேரம் செய்கிற வேலையை 44 டிகிரி அரை மணியில் முடித்துவிடும். 42க்கு இறங்கினால் நாலு மணி நேரம் ஆகும். ஒரே ஒரு டிகிரி பாருங்க. இதில் ரத்த ஓட்டம் வேறு குறுக்கே நிற்கிறது. முல்லைப்பெரியாற்றுத் தண்ணி வாய்க்காலில் ஓடிக்கொண்டே இருக்கும்போது வயலில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றப் பார்ப்பது மாதிரிதான். போதாததற்கு, இரண்டு தகடுகளுக்கு நடுவே உடம்பை வைத்துச் சூடாக்கினால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு முந்திக்கொண்டு சூடாகிவிடும். அதனால்தான் நடுவில் குளிர்ந்த நீர்ப்பை வைக்கிறார்கள்.

இந்தச் சிக்கல் ஆய்வு முடிவுகளிலேயே தெரிகிறது. நெதர்லாந்தில் கதிர்சிகிச்சையோடு சூட்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். 2000இல் வந்த முடிவுப்படி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் மூன்று வருசம் பிழைத்தவர்கள் 27 சதவீதத்திலிருந்து 51 ஆனார்கள். சர்வதேச அணுசக்தி முகமை பல நாட்டு மருத்துவமனைகளைச் சேர்த்து 110 பெண்களிடம் அதே நோய்க்குச் செய்த ஆய்வு 2005இல் வந்தது. முதல் ஆசிரியர் வசந்தன். பலன் ஒன்றும் கூடவில்லை. ஒரு பிரிவினர் சூடு வைக்காதவர்களைவிடக் குறைவாகவே பிழைத்தார்கள். அங்கே பயன்பட்டது 8 மெகாஹெர்ட்ஸ் தகட்டுக் கருவி. கட்டிக்குப் போதுமான சூடு போய்ச் சேர்ந்ததா என்ற விவாதம் அதற்குப் பிறகு கிளம்பியது. 'ரேடியோ அலை வேலை செய்யுமா' என்ற கேள்விக்கு அதனால்தான் ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. எந்தக் கருவி, எப்படி அளந்தார்கள் என்று தெரியாமல் பேசுவது வெறும் பேச்சு.

நம் நாட்டு உதாரணம் ஒன்று. மும்பை நானாவதி மருத்துவமனையில் ஹுயில்கோல் குழு, தலை-கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்கள் ஐம்பது சொச்சம் பேரிடம் சோதித்து 2010இல் எழுதியது. கட்டி முழுசாக மறைந்தவர்கள் கதிர் மட்டும் வைத்ததில் 42.4 சதவீதம், சூடும் சேர்ந்ததில் 78.6. இந்த எண்ணைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். அடுத்த எண்ணையும் படிக்கணும்: நடுவண் ஆயுள் 145 நாளிலிருந்து 241 நாள். கூடியது மூணு மாசம் சொச்சம். வெற்றிலை, புகையிலை போட்டு வாய்ப்புண்ணோடு நிற்கிற ஒரு குடும்பத்துக்கு அந்த மூணு மாசம் சின்ன விஷயம் இல்லை. ஆனால் 'குணமாகிடும்' என்று அதற்குப் பேர் வைக்க முடியாது. ஆய்வும் சின்னது, ஒரே மருத்துவமனையில் நடந்தது.

எனக்கு நம்பிக்கை தருவது சத்தமில்லாமல் நடக்கிற வேலைதான். சென்னை ஐஐடியில் கவிதா அருணாசலத்தின் குழு 434 மெகாஹெர்ட்ஸில் சின்னச் சின்ன ஆன்டெனாக்களை வரிசையாக வைத்து, அலைகளை மார்பகக் கட்டியில் ஒன்றுகூட வைக்கும் கருவியில் உழைத்து வருகிறது. தீப்பிடிக்கிற காட்சி எதுவும் இல்லாததால் அது வைரல் ஆகாது.

இங்கிருந்து கதிர்சிகிச்சைக்கு மதுரைக்குப் போகிறவர்கள் நூறு கிலோமீட்டர் போல பஸ்ஸில் போகிறார்கள், வாரக்கணக்கில். பாதியில் 'வேற மெஷின் வந்திருக்காம்' என்று யாராவது சொன்னால் மனசு ஆடத்தான் செய்யும். அப்படி எந்த இடமாவது கூப்பிட்டால் இதைக் கேளுங்க: கட்டிக்குள்ள எத்தனை டிகிரி வரும், எதை வச்சு அளப்பீங்க, கதிர்சிகிச்சை கூடவே நடக்குமா? 'அதெல்லாம் மெஷினே பாத்துக்கும்' என்று பதில் வந்தால், முன்பணம் கட்டாமல் மதுரை பஸ்ஸைப் பிடிச்சிடுங்க. மிச்சம் இருக்கிற கதிர் நாட்களை முதலில் முடிங்க.