கடல் கடக்கும் முன்னே: கே. எஸ். மணியத்தின் நாவலும் தமிழாசிரியரும்

அயல்நாடு சென்று கற்றவன் தாய்மொழியை மறந்து திரும்புவான் என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்து. அவனைப் பற்றிய கேலிச் சித்திரம் ஒன்றும் நம்மிடம் ஆயத்தமாக உண்டு. கழுத்திலே டை, நாவிலே ஆங்கிலம், உள்ளத்திலே தன்னவரைப் பற்றிய நாணம். மேடையில் இச்சித்திரத்தைத் தீட்டுவோர் எளிதிற் கைதட்டல் பெறுவர். ஆனால் இலக்கியம் கைதட்டலோடு அமைவதில்லை. அந்த நாணம் எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது, அதனை வளர்த்தவர் யார் என்று அது வினவும்.

அவ்வாறு வினவிய நாவல் ஒன்று நம் மண்ணிலேயே தோன்றியது. கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1942-இல் பிறந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதி 1981-இல் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன்’ என்பதே அது. ‘திரும்புதல்’ என்று அப்பெயரைத் தமிழில் வழங்கலாம். ஆங்கில இலக்கிய மாணவர் அதனை நன்கு அறிவர். தமிழாசிரியரோ, அது நமக்குரிய நூலன்று என்று ஒதுங்கிவிடுகின்றனர். அவர்களே அதனை முதலிற் படிக்க வேண்டியவர்கள் என்பது நம் கருத்து.

இது பழங்கதையன்றோ, இன்று நமக்கு எதற்கு என்பார்க்குப் பத்து காவானைச் சுட்டிக் காட்டலாம். செபராங் பிறையின் தென்பகுதியில் உள்ள இவ்வூர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு விளைந்த இடம். பின்னாளில் இரப்பரும் செம்பனையும் வந்தன. தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் முதன்முதலில் பெருந்தொகையாக உழைத்தது செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில்தான். இன்றோ, பத்து மாவூங்கிலிருந்து கடலின்மேல் வரும் 24 கிலோமீட்டர் நீளமான இரண்டாம் பினாங்குப் பாலம் 2014-இல் திறக்கப்பட்டபின், ஊரின் தோற்றமே மாறிவிட்டது. தொழிற்பேட்டை எழுந்தது; பெரும் அங்காடிகள் வந்தன; ஆஸ்திரேலியாவின் வல்லங்கொங் பல்கலைக்கழகத்தின் மலேசியக் கிளை வளாகமும் வந்தது. தோட்டத்தின் பெயர்தாங்கிய தமிழ்ப்பள்ளியும் இதே ஊரில் இருக்கிறது. முன்பு தமிழ்ப்பள்ளிக்கும் அயல்நாட்டுப் பட்டத்திற்கும் இடையே பெருங்கடல் கிடந்தது. இன்று அத்தொலைவு சில கல்லாகக் குறுகிவிட்டது. ஆகவே, ‘நீ யார்? உன் மொழி எது? உங்கள் வழக்கம் என்ன?’ என்ற வினாக்களுக்கு விடை கூறுவதற்கு இனி ஒருவன் கப்பலேற வேண்டியதில்லை. இந்நிலையில், முன்பு கப்பலேறிச் சென்ற ஒருவனின் கதை நமக்குப் பாடமாகிறது.

நாவலின் தலைமகன் இரவி. கதையைக் கூறுபவனும் அவனே. அவனுடைய பாட்டியைப் பெரியதாய் என்று அழைக்கின்றனர். இந்தியாவிலிருந்து வந்து, சேலை விற்று, பலகாரம் செய்து, பீடோங்கில் தனக்கென்று ஒரு குடிலை அமைத்தவள் அவள். ஆனால் மண் அவளுக்கு உரிமையாகவில்லை. அவள் மகன் கண்ணன் மருத்துவமனைக் குடியிருப்பிலே சலவைத் தொழில் செய்பவன். பேரன் இரவி முதலில் தமிழ்ப்பள்ளியில் முருகேசு என்னும் ஆசிரியரிடம் எழுத்தறிகிறான். பிறகு ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றப்பட்டு மிஸ் நான்சி என்னும் ஆசிரியையிடம் பயில்கிறான். தேர்வுகளில் வென்று, ஆசிரியப் பயிற்சிக்காக இங்கிலாந்து செல்கிறான். திரும்பி வந்து ஆசிரியனாகிறான். அவன் தந்தையோ, தாய் பெறாத மண்ணைத் தான் பெற்றே தீருவேன் என்று ஆற்றோரத்து அரசு நிலத்தில் வீடு கட்டுகிறான். அது மறுக்கப்பட்டபோது மனம் கலங்கி, அவ்வீட்டோடு தன்னையும் தீக்கிரையாக்கிக் கொள்கிறான். தந்தையை நினைத்து மகன் எழுதிய கவிதையோடு நாவல் முடிகிறது.

இக்கதையமைப்பில் ஒன்றை நோக்குக. இங்கிலாந்து வாழ்க்கைக்கு ஆசிரியர் மிகச் சில பக்கங்களையே ஒதுக்குகிறார். அயல்நாட்டுப் படிப்பைப் பற்றிய நாவலில் அயல்நாடு இத்துணைச் சுருங்குவது குறையன்றோ என்று சிலர் கேட்கலாம். குறையன்று, அதுவே நாவலின் உயிர்நிலை. இரவியின் அயல்நாட்டுப் பயணம் பீடோங்கின் ஆங்கில வகுப்பறையிலேயே தொடங்கி, பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிட்டது. மிஸ் நான்சியின் கதைகளில் வரும் காடும் குடிசையும் அரசிளங்குமரியும் அவன் உள்ளத்தில் குடியேறின. தன் வீட்டின் விளக்கும் சலவைப் பானையும் பாட்டியின் வழிபாடும் அவனுக்குப் புறத்தே நின்று பார்க்கும் பொருள்கள் ஆயின. சிறுவன் தன் தந்தையைப் பிறர் கண்ணாற் காணக் கற்றுக்கொண்ட நாளே அவன் கடல் கடந்த நாள். கப்பல் பின்னர் வந்தது.

இதனை ஆங்கிலத்தின்மேற் சுமத்தும் பழியாகக் கொள்வது தவறு. மிஸ் நான்சி கொடியவள் என்று நாவல் முத்திரை குத்தவில்லை. முருகேசு தெய்வம் என்றும் போற்றவில்லை. இரு வகுப்பறைகளை அருகருகே வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லும் சிறுவனுக்குப் பாலம் இட்டவர் எவரும் இல்லை என்பதைக் காட்டுகிறது. முருகேசுவின் எழுத்துகள் பழகிய உலகத்தோடு இயைந்தவை. ஆனால் அவை அவ்வுலகத்திற்கு அப்பால் அவனை அழைத்துச் செல்லவில்லை. மிஸ் நான்சியின் எழுத்துகள் வெகுதூரம் அழைத்துச் சென்றன. ஆனால் திரும்பும் வழியைச் சொல்லவில்லை. நாவலின் பெயர் ‘திரும்புதல்’ என்று அமைந்ததன் வேதனை இங்கேதான் இருக்கிறது.

பண்பாட்டைப் பற்றிய அச்சுவார்ப்புகளுக்கு இனி வருவோம். ஓர் இனத்தார் அனைவரையும் ஒரே அச்சில் வார்த்துக் காண்பது எளிய வேலை. நம் நாட்டிலேயே அதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. அப்துல்லா ஹுசேன் எழுதி 1971-இல் நூலாக வந்த ‘இண்டர்லோக்’ என்னும் மலாய் நாவல் 2011-இல் ஐந்தாம் படிவத்திற்குப் பாடநூலாயிற்று. இந்தியாவிலிருந்து இங்கு வந்த தொழிலாளி ஒருவனின் குடும்பம் அதில் இடம்பெறுகிறது. அவன் பெயரும் மணியம் என்பது தற்செயலான ஒற்றுமை. வந்தேறிய இந்தியரை ஒரு சாதிப்பெயரால் அந்நூல் சுட்டியது பெரும் எதிர்ப்பை எழுப்ப, அவ்வாண்டின் இறுதியிலேயே நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது. மாணவர் மனம் புண்பட்டது உண்மை, எதிர்ப்பும் நியாயமே. ஆயினும் ஒரு நூலை வகுப்பறையிலிருந்து அகற்றுவதால் அச்சு உடைந்துவிடாது. அச்சை உடைப்பது முழுமையான மனிதனின் உருவம். சேலை மூட்டை சுமந்த பெரியதாயையும், மண்ணுக்காக வெந்து மாண்ட கண்ணனையும் ஒருமுறை அறிந்தவன், ‘தோட்டத்துத் தமிழர் இப்படித்தான்’ என்று பின்னர்ச் சொல்லத் துணியான்.

இழிவான அச்சு ஒன்று. பெருமையான அச்சு மற்றொன்று. இரண்டாவதனை வார்ப்பவர் பெரும்பாலும் நாமே. ‘எம்மொழியே மூத்தமொழி, எம் பண்பாடே உயர்ந்த பண்பாடு’ என்று சொல்லி அனுப்பப்படும் மாணவன், அயல்நாட்டு விடுதியில் தோழன் ஒருவன், ‘அப்படியா? உங்கள் பழம்பாடல் ஒன்றின் பொருளைச் சொல், கேட்போம்’ என்றால் திகைத்து நிற்கிறான். முழக்கம் முதல் வினாவிலேயே தீர்ந்துபோகிறது. பின்பு எஞ்சுவது நாணம் அல்லது சினம். இரண்டும் அறிவுக்குத் துணையாகா.

அயல்நாட்டுக் கல்வி மனிதனைச் சுருக்கவே செய்யும் என்பதும் உண்மையன்று. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரையடுத்த கெர்க்பியில், 1952 முதல் 1962 வரை மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று இயங்கியது. மலாய், சீன, இந்திய இளைஞர்கள் அங்கே ஒருங்கே வாழ்ந்து, தம்மை மலாயர் என்னும் ஒரே மக்களாக உணர்ந்தனர். 1957 ஆகஸ்ட் 31-ஆம் நாள் விடுதலை கிடைக்கும் என்ற செய்தியைத் துங்கு அப்துல் ரகுமான் 1956 பிப்ரவரியில் அக்கல்லூரி மாணவர்களிடமே முதலில் அறிவித்தார். இவ்வகைக் கல்லூரி மற்றொன்று உல்வர்ஹாம்ப்டன் நகரையடுத்து இருந்தது; மணியம் 1962 முதல் 1964 வரை பயின்றது அங்கேதான். எனவே கடலுக்கு அப்பால் ஒருவன் தன் நாட்டைக் கண்டடையவும் கூடும்.

தன் மொழியைக் கண்டடைந்தவரும் உண்டு. தனிநாயக அடிகள் 1913-இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்தவர். ஆங்கிலக் கல்வியில் வளர்ந்தவர். 1930-களில் உரோமாபுரியில் இறையியல் கற்றவர். பல ஐரோப்பிய மொழிகளை அறிந்தபின், தாய்மொழியின் இலக்கியத்தை ஆழ்ந்து கற்கவில்லையே என்ற குறையை உணர்ந்து, திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் தமிழ் பயின்றார். பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகக் கற்றுப் பட்டம் பெற்றார். 1952-இல் ‘தமிழ்க் கலாசாரம்’ என்னும் பொருள்பட ஆங்கில ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்திற்கு வந்து, 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத்தமிழ் மாநாட்டை நடத்தினார். இரவியையும் அடிகளையும் ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகும். இருவரும் பிறமொழி வழியே வெளியுலகை அடைந்தனர். அடிகளுக்குத் தமிழ் அறிவின் மொழியாகவும் காத்திருந்தது. அவர் திரும்பிவந்து அமர்வதற்கு ஓர் இருக்கை இருந்தது. இரவிக்கோ தமிழ், வீட்டின் மொழியாகவும் வழிபாட்டின் மொழியாகவும் மட்டுமே எஞ்சியது. திரும்பி வந்தவனுக்கு அமர இடமில்லை.

இங்கேதான் நாவலின் குறையையும் சொல்ல வேண்டும். 1924 முதல் ‘தமிழ் நேசன்’ வெளிவந்த நாடு இது. 1935-இல் சிங்கப்பூரில் தோன்றிய ‘தமிழ் முரசு’, 1950-களில் மாணவர் மணிமன்றத்தின் வாயிலாக இளைஞர் பலரை எழுதப் பழக்கியது. இரவியின் சிறுவயதில் இத்தமிழ் இங்கு உயிரோடு இயங்கிக்கொண்டிருந்தது. நாவலிலோ அதன் ஒலி கேட்பதில்லை. முருகேசுவும் விரைவில் மறைந்துவிடுகிறார். தமிழ் அறியாத வாசகன் இந்நூலை மட்டும் படித்தால், தமிழ் என்பது விளக்கேற்றும் பாட்டியின் மொழி என்று எண்ணக்கூடும். ஓர் அச்சை உடைத்த நூலே இவ்விடத்தில் வேறோர் அச்சுக்கு இடங்கொடுத்துவிட்டது.

ஆயினும் நாவலின் இறுதிப்பகுதி அக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கிறது. மனம் கலங்கிய கண்ணன் தமிழும் மலாயும் சீனமும் கலந்த ஒரு மொழியில் மண்ணை நோக்கிப் பிதற்றுகிறான். பித்தனின் சொல் என்று ஊரார் அதனைத் தள்ளலாம். நாம் தள்ளலாகாது. இம்மண்ணை முழுதும் தனதாக்கிக்கொள்ள விழைந்தவனுக்கு ஒருமொழி போதவில்லை. பல மொழிகளை இணைத்துத் தருவாரும் இல்லை. இங்கிலாந்து சென்று கற்ற மகனிடம் பிழையற்ற ஆங்கிலம் இருக்கிறது. ஆனால் தந்தையிடம் பேசுவதற்கு வேண்டிய சொல் இல்லை. தந்தை சாம்பலானபின் அச்சொல்லைத் தேடியே அவன் கவிதை எழுதுகிறான். ஆசிரியத் தொழிலில் இருப்போர் இவ்விடத்தை எளிதிற் கடந்து செல்ல இயலாது. ஏனெனில் இரவியும் ஓர் ஆசிரியன்.

தமிழும் ஆங்கிலமும் பகைமொழிகள் என்ற எண்ணத்தைப் பினாங்கின் வரலாறே மறுக்கிறது. 1816-இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ பள்ளியில்தான் இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பும் தொடங்கியது. அதனைக் கணக்கிட்டே 2016-இல் தமிழ்க் கல்வியின் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடினோம். ஒரே கூரையின்கீழ்த் தொடங்கிய இரண்டு கல்விகளை, ஒன்று வயிற்றுக்கு, மற்றொன்று வழிபாட்டுக்கு என்று பின்னர்ப் பிரித்துவிட்டோம். இரவியைப் போன்றோர் இழந்தது அந்தப் பிரிவினையால்தான்.

ஆதலின் தமிழாசிரியர் செய்யத்தக்கது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஆனால் கடினமான காரியம். மாணவனுக்குப் பெருமையை ஓதுவதைக் குறைத்துப் பொருளைக் கொடுக்க வேண்டும். ஒரு சங்கப்பாடலையேனும் அவன் தன் சொற்களில், மலாய்த் தோழனுக்கு மலாயிலும் பிறர்க்கு ஆங்கிலத்திலும் விளக்கும் அளவிற்குக் கற்பிக்கலாம். தன் பாட்டன் எந்தத் தோட்டத்தில் என்ன வேலை செய்தார், எதை உண்டார், எதற்கு அஞ்சினார் என்று கேட்டறிந்து தமிழில் எழுதச் செய்யலாம். உயர்நிலை வகுப்பில் தமிழ் இலக்கியத்தைத் தேர்வுப் பாடமாக எடுக்கத் தயங்கும் மாணவனிடம், அது புள்ளிக்கணக்கு மட்டுமன்று, நாளை அந்நியரிடையே நிற்கும்போது உன் காலடி மண் என்று எடுத்துரைக்கலாம்.

இவ்வாறு கற்றவன் பாலத்தைக் கடந்து செல்லட்டும். கடலையும் கடந்து செல்லட்டும். ‘நீ யார்?’ என்று உலகம் வினவும்போது அவன் தன்னவரை அச்சில் வார்த்த பொம்மையாகக் காட்டமாட்டான். பெயரும் முகமும் உடைய மனிதராகக் காட்டுவான். தந்தையிடம் பேசுவதற்கு வேண்டிய சொல்லும், அவர் உயிரோடு இருக்கும்போதே, அவன் நாவில் இருக்கும்.