ஆளற்ற வனம்: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நிலக்காட்சி ஓவியத்தில் மனிதனின் இடம்

நிலக்காட்சி ஓவியம் இயற்கையை உள்ளவாறே காட்டுவது என்பது பலரிடையே வேரூன்றிய கருத்து. ஆயின், ஓவியச் சட்டத்தினுள் எவர் இடம்பெறுகின்றனர், எவர் விலக்கப்படுகின்றனர் என்னும் வினாவை எழுப்பும்போது, இயற்கையின் பின்னே சமூக உறவுகள் புலப்படத் தொடங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியம் இதற்குத் தக்க சான்றாகும்.

தோமஸ் கோல் (1801–1848) இங்கிலாந்தின் லங்காஷயரிலே, கைத்தொழிற் புரட்சியின் களத்திலே பிறந்து, 1818இல் அமெரிக்காவிற் குடியேறியவர். 'ஒக்ஸ்போ' எனப் பரவலாக அறியப்படும் அவரது 1836ஆம் ஆண்டு ஓவியம், ஹொலியோக் மலையிலிருந்து கனெற்றிக்கட் ஆற்றின் வளைவை நோக்குகின்றது. இடப்புறம் முறிந்த மரமும் கருமுகிலும் கொண்ட காடு; வலப்புறம் வெயிலில் ஒளிரும் வயல்கள். முன்புறப் பாறைகளிடையே ஓவியர் தம்மையே சிற்றுருவாக வரைந்துள்ளார். புயல் விலகுகின்றது, வயல் ஒளிபெறுகின்றது; எனவே காடு வயலாதல் வானிலை மாற்றம் போல் இயல்பானதாகத் தோன்றுகின்றது. ஆனால், தொலைவிலுள்ள மலைச்சரிவில் மரம் வெட்டிய வடுக்களையும் அவர் மறைக்கவில்லை. கோடரியின் அழிவுக்கு வருந்திய கோலைப் பேணிய புரவலருள் ஒருவர், நியூயோர்க் மொத்த வணிகரான லூமன் றீட். விரிவடைந்த சந்தை ஈட்டித்தந்த செல்வமே, அச்சந்தை அழித்த காட்டின் நினைவையும் விலைக்கு வாங்கியது.

அல்பேட் பீயர்ஸ்ராற் 1865இல் வரைந்த யோசெமிற்றிப் பள்ளத்தாக்கு ஓவியத்திலோ மனிதர் எவருமே இலர். பொன்னொளியில் தோயும் பாறைகள் படைப்பின் முதல் நாளை நினைவூட்டுகின்றன. உண்மையில் அங்கு அவானீச்சி மக்கள் வாழ்ந்தனர். காலந்தோறும் தீயிட்டுப் புல்வெளிகளையும் கருவாலி மரங்களையும் பேணினர். தங்கவேட்டையை அடுத்து 1851இல் மரிப்போசாப் படையணி அவர்களது குடியிருப்புகளையும் உணவுச் சேமிப்பையும் எரித்து அவர்களை விரட்டியது. 1864இல் லிங்கன் ஒப்பமிட்ட சட்டம் பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் பொழுதுபோக்கிற்கென ஒதுக்கியது. அப்'பொதுமக்களுள்' அவானீச்சியர் எண்ணப்படவில்லை. அவர்களுட் சிலர் மீண்டுவந்து வாழ்ந்தபோதும் ஓவியம் அவர்களைக் காணவில்லை.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது யாதெனில், ஓவியர் வியந்த திறந்த புல்வெளி அம்மக்களது உழைப்பின் பேறு என்பதே. உழைத்தோர் மறைய, உழைப்பின் பேறு இயற்கையின் கொடையாகக் காட்சிதருகின்றது. பண்டத்தின் மாயை பற்றி மார்க்ஸ் விளக்கியது இங்கு நிலத்துக்கும் பொருந்துகின்றது.

இதனால் இவ்வோவியங்களை வெறும் பிரசாரமெனத் தள்ளிவிடுதல் பொறிமுறைப் பார்வையாகும். உழைப்பிலிருந்தும் இயற்கையிலிருந்தும் அந்நியப்பட்ட மனிதனின் மெய்யான ஏக்கம் அவற்றின் ஒளியிலே உறைந்துள்ளது. அவற்றின் கலைவலிமையும் அதுவே. எனினும், அவ்வேக்கம் நிறைவுபெறப் பிறரது வாழ்நிலம் வெறுமையாக்கப்பட வேண்டியிருந்தது. அழகை மறுப்பதன்று, அவ்வழகுக்கு எவர் விலை கொடுத்தனர் எனக் காட்டுவதே விமர்சனத்தின் பணியாகும்.