பால்கோயிலுக்கு வெளியே ஒரு மொழி

நீலகிரியின் தோடர் மொழியைப் பேசுவோர் சில ஆயிரம்கூட இல்லை. அம்மக்களைப் பற்றி ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட ‘தோடர்கள்’ நூலைப் பெண்ணாக வாசிக்கையில் ஒன்று உறுத்துகிறது. பால்கோயிலின் பாத்திரங்கள், எருமைகள், வேண்டுதலில் வரும் புனிதப் பெயர்கள் என அத்தியாயம் அத்தியாயமாகச் சொற்கள் குவிகின்றன. பெண்களோ அந்தக் கோயிலுக்குள் நுழையக்கூடாதவர்கள். அவர்கள் இழையெண்ணித் தைக்கும் சிவப்பு, கறுப்புப் பூவேலைக்கு அந்நூலில் சொற்ப இடமே. சடங்கு முக்கியம்தான், ஆனால் பிள்ளையிடம் அன்றாடம் புழங்கும் பேச்சும் மொழியல்லவா? 2013இல் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. துணிக்கு மதிப்பு வந்துவிட்டது. தைப்பவளின் சொற்களுக்கு எப்போது? மொழியைக் காக்கக் கிளம்புவோர் முதலில் அவள் அருகில் உட்காரட்டும்.