243-இல் இடறிய உள்ளுணர்வு

ராமானுஜன் பேச்சை எடுத்தாலே நம் மேடைகளில் நாமக்கல் நாமகிரித் தாயாரும் வந்துவிடுவார். கனவில் தாயார் சொன்னார், இவர் எழுதினார், நிரூபணம் கேட்ட ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டி வாயடைத்துப் போனார். உள்ளுணர்வு தர்க்கத்தை வென்றதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிடலாம். ராமானுஜனின் பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. சாட்சியைத்தான் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது.

காகிதம் கட்டுப்படியாகாததால் அவர் சிலேட்டில் கணக்குப் போட்டார். துணியெடுத்துத் துடைக்கப் பொறுமையில்லாமல் முழங்கையாலேயே அழித்தார். விடை மட்டும் நோட்டுக்குப் போனது. இளமையில் அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு நூலும் ஆயிரக்கணக்கான தேற்றங்களைப் பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் அடுக்கிச் செல்வதுதான். நோட்டில் வழி எழுதப்படவில்லை என்பதற்காக, வழியே இல்லாமல் விடை வந்தது என்று ஆகிவிடாது. உள்ளுணர்வு என்று நாம் கும்பிடுவதில் கணிசமான பங்கு, முழங்கை அழித்த கணக்கு.

அதைக் கழித்த பிறகும் உண்மையான பாய்ச்சல்கள் மிஞ்சுகின்றன. அவற்றில் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகப் பிரிக்கலாம். இப்படி 200 வரையுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை பிரிவினைகள் என்று கணிதவியலாளர் மக்மஹன் பட்டியல் போட்டிருந்தார். 4, 9, 14 என்று 4-இலோ 9-இலோ முடியும் எண்களின் பிரிவினைத் தொகை எப்போதும் 5-ஆல் வகுபடுவதை ராமானுஜன் கண்டார், நிரூபித்தும் காட்டினார். அதோடு நிற்காமல், 5, 7, 11 ஆகியவற்றின் எல்லா அடுக்குகளுக்கும் இதுபோன்ற விதி உண்டு என்று 1919-இல் ஒரே வீச்சில் ஓர் ஊகத்தை வெளியிட்டார்.

7-இன் இரண்டாம் அடுக்கான 49-க்கு அந்தப் பட்டியலில் 47, 96, 145, 194 என நான்கு சோதனைகள் இருந்தன. நான்கின் பிரிவினைத் தொகையும் 49-ஆல் வகுபட்டுத் தேறின. மூன்றாம் அடுக்கான 343-க்கு முதல் சோதனையே 243-இல்தான் வருகிறது. பட்டியலோ 200-இல் முடிந்துவிட்டது. பிறகு கணிதவியலாளர் ஹன்ஸ்ராஜ் குப்தா பட்டியலை நீட்டினார். அதை வைத்து 1934-இல் சௌலா கண்டது: 243-இன் பிரிவினைத் தொகை 13,39,78,25,93,44,888, இது 49-ஆல் வகுபடும், 343-ஆல் வகுபடாது. 7-க்கான விதியைத் திருத்தி வாட்சன் 1938-இல் நிரூபித்தார். 5-க்கும் 11-க்கும் ராமானுஜன் சொன்னபடியே நின்றது.

என் தீர்ப்பு இந்த இடத்தில்தான் பிறக்கிறது. மூன்றில் இரண்டு சரி, ஒன்று தவறு. ஆனால் மூன்றையும் அவர் ஒரே வாக்கியத்தில், ஒரே உறுதியோடு எழுதினார். எது இடறும் என்பதற்கு அந்த வாக்கியத்தில் ஒரு தடயமும் கிடையாது. உள்ளுணர்வு எண்களோடு உரசிப் பழகிய எல்லைக்குள் அபாரமாகப் பார்க்கிறது. எல்லை எங்கே முடிகிறது என்பது மட்டும் அதற்குத் தெரிவதில்லை. 1913-இல் ஹார்டிக்கு அனுப்பிய பகா எண்களை எண்ணும் சூத்திரத்தின் கதையும் இதுதான். சிறிய எண்களில் பிரமாதம். பெரிய எண்களில் பிழை, அவர் சொன்ன அளவுக்குள் அடங்கவில்லை.

எதிர்த்தரப்பை ஒதுக்கிவிட முடியாது. எண் கோட்பாட்டில் வரும் டௌ சார்பு பற்றி அவர் 1916-இல் சொன்ன ஊகத்தைத் தெலீன் 1974-இல் நிரூபித்தார். தர்க்கம் அங்கே போய்ச் சேர 58 ஆண்டுகள் ஆயின. நிரூபித்த பிறகே எழுதுவேன் என்று ராமானுஜன் இருந்திருந்தால் தெலீனுக்கு அந்தக் கேள்வியே கிடைத்திருக்காது. இன்னும் கூர்மையான குற்றச்சாட்டு கணிதவியலாளர் செல்பெர்க்குடையது: பிரிவினைத் தொகையைக் கணிக்க இருவரும் சேர்ந்து தேடிய சூத்திரத்தில் ராமானுஜனின் உள்ளுணர்வை ஹார்டி முழுதாக நம்பியிருந்தால், ராடமாகர் 1937-இல் தந்த துல்லியமான சூத்திரத்தை இருவருமே எட்டியிருப்பார்கள் என்பது அவர் கருத்து. ஹார்டியின் எச்சரிக்கை அங்கே நஷ்டக் கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தும் தர்க்கத்தின் பக்கமே தட்டு தாழ்கிறது. புதியதை முதலில் காண்பதில் அது உள்ளுணர்வுக்கு ஈடாகாது. ஆனால் கண்டதை அறிவு என்று ஏற்க அதைத் தவிர வேறு வழியில்லை. அதுவும் தவறும் என்பார்கள். தவறும். ஆனால் நிரூபணத்தில் ஓட்டை இருந்தால், எந்த வரியில் என்று இன்னொருவர் விரல் வைத்துக் காட்டலாம். 1919-இன் ஊகத்தில் விரல் வைக்க வரியே இல்லை. 243 வரை எண்ணிப் பார்க்க ஓர் ஆள் வரவேண்டியிருந்தது.