அடைப்புக்குறிக்குள் ஒரு பள்ளத்தாக்கு

தேனியில் ஒரு டீக்கடை. வெளியூரிலிருந்து வேலை மாற்றலாகி வந்த இளைஞர் ஒருவர், ஏதோ மனு கொடுக்க வேண்டும் என்பதற்காக, கடைக்காரரிடம் கேட்டார்: “அண்ணே, தேனித் தொகுதி எம்.எல்.ஏ. யாருண்ணே?” கடைக்காரர் கிளாஸை அலசிக்கொண்டே சொன்னார்: “தேனிக்கு எம்.எல்.ஏ. கிடையாதுப்பா, எம்.பி.தான். எம்.எல்.ஏ. வேணும்னா நாங்க பெரியகுளம். பாலத்தத் தாண்டி அங்கிட்டுப் பழனிசெட்டிபட்டி போயிட்டா போடி.”

இளைஞருக்குப் புரியவில்லை. எனக்கோ சிரிப்பு வந்தது. 2008-ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறை ஆணையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

அந்த ஆணையைப் படித்தவர்கள் குறைவு. படிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்பார்கள். வட்டத்தின் பெயர், அதற்குக் கீழே வரிசையாக ஊர்ப் பெயர்கள், நகராட்சி, பேரூராட்சி, காப்புக்காடு. வினைச்சொல்லே கிடையாது, எல்லாம் பெயர்ச்சொல். ஆனால் உரையாசிரியர்கள் பாட்டுக்குப் பதம் பிரிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தால் அதிலும் நயம் உண்டு. கும்மிடிப்பூண்டியை 1 என்று தொடங்கி, கிள்ளியூரை 234 என்று முடிக்கும் அந்த நீண்ட வரிசையில் நம் பக்கத்துக்கு நான்கே எண்கள்: 198 ஆண்டிபட்டி, 199 பெரியகுளம், 200 போடிநாயக்கனூர், 201 கம்பம். இந்த நான்கையும் ரசிக்க இரண்டு சொற்கள் போதும். இரண்டும் அடைப்புக்குறிக்குள் இருப்பவை. ஒன்று ‘பகுதி’, மற்றொன்று ‘தனி’.

‘பகுதி’யிலிருந்து தொடங்கலாம். 2001 கணக்கெடுப்பின்போது தேனி மாவட்டத்தில் வட்டங்கள் ஐந்து: பெரியகுளம், தேனி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம், ஆண்டிபட்டி. 2006 தேர்தல்வரை சட்டமன்றத் தொகுதிகளும் ஐந்து. உத்தமபாளையத்துக்குப் பதில் கம்பம் என்பதைத் தவிர, தொகுதிப் பெயர்களும் வட்டப் பெயர்களே. ஐந்து விரலுக்கு ஐந்து மோதிரம் போட்டதுபோலக் கச்சிதம். 2008-இல் ஒரு மோதிரம் கழன்றது. கழன்றது சுண்டுவிரல் மோதிரமாக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கலெக்டர் அலுவலகம் இருக்கிற தேனியே கழன்றது. தேனி வட்டம் என்று எழுதி, பக்கத்தில் ‘பகுதி’ என்று போட்டு, ஒரு துண்டு பெரியகுளத்துக்கும் இன்னொரு துண்டு போடிக்கும் போயிற்று. தேனி அல்லிநகரம் நகராட்சி ஒரு தொகுதி, பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு தொகுதி. அதே ஆணை பெரியகுளம் மக்களவைத் தொகுதியின் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தேனி என்று எழுதியது. சின்ன நாற்காலியைப் பறித்துக்கொண்டு பெரிய பெயர்ப் பலகையைக் கொடுத்ததுபோல!

இப்படி நடந்தால் ‘யாரோ வேண்டுமென்றே செய்த வேலை’ என்றுதான் முதலில் தோன்றும். தோன்றுவதில் தப்பில்லை. கோடு போடுகிறவன் கையைச் சந்தேகிப்பதற்கு உலகம் வைத்திருக்கும் பெயரே ஒரு மனிதனின் பெயர்தான். 1812-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி, தன் கட்சிக்கு வசதியாக வெட்டப்பட்ட தொகுதி வரைபடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். எஸெக்ஸ் பகுதியில் ஒரு தொகுதி வளைந்து நெளிந்து கிடந்தது. பாஸ்டன் பத்திரிகையொன்று அதற்குச் சிறகும் நகமும் வாயும் வைத்துப் படம் போட்டு, சாலமாண்டர் என்கிற பல்லி போன்ற பிராணியோடு ஆளுநர் பெயரை ஒட்டவைத்தது. ‘ஜெரிமாண்டர்’ பிறந்தது அப்படித்தான். மனிதர் பெயர் கெர்ரி. உலகம் அதை ஜெர்ரியாக்கி, அவர் பெயரின் உச்சரிப்பைக்கூட வளைத்துவிட்டது. அந்த வரைபடத்தின் பலன்: மாநில மேலவையில் 40 இடங்களில் 29, அதுவும் எதிர்க்கட்சியைவிடக் குறைந்த வாக்குகளை வாங்கிக்கொண்டு. அதே ஆண்டு ஆளுநர் தேர்தலில் கெர்ரி தோற்றுப்போனார். மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக நிற்கும்போது எந்தக் கோடும் துணைக்கு வராதல்லவா?

அந்தப் பிராணியைத் தேடிக்கொண்டு தேனி வரைபடத்தைப் பார்த்தேன். மக்களவைத் தொகுதியின் உருவம் விசித்திரமாகத்தான் இருக்கிறது. மேற்கே கேரள மலை, தெற்கே வருசநாடு, நடுவில் கம்பம் பள்ளத்தாக்கு. அதோடு நிற்காமல் ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகக் கையை நீட்டி, மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டியையும் அதற்கப்பால் சோழவந்தானையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. கூடலூர்த் திராட்சைத் தோட்டக்காரருக்கும் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரருக்கும் ஒரே எம்.பி. இது என்ன பொருத்தம்?

விடை படத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. 2001-இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. 234-ஆல் வகுத்தால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஏறக்குறைய 2,66,700 பேர். தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 10,93,950. ஐந்து தொகுதி கொடுத்தால் ஒன்றுக்கு 2,18,790 பேர்தான் வரும். சராசரியைவிட 18 சதவீதம் குறைவு. ஏற்ற இறக்கம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் வழிகாட்டுதல். நான்காக்கினால் 2,73,488 பேர், சராசரியோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்கிறது. மக்களவைக்கு வந்தால் 39-ஆல் வகுக்க வேண்டும், தொகுதிக்கு 16 லட்சம் பேர். மாவட்டத்திடம் இருப்பது 11 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மீதி 5 லட்சத்துக்கு எங்கே போவது? மலை மூன்று பக்கம் மறித்து நிற்க, கை கணவாய் வழியாக நீண்டது. 39-ஐ ஆறால் பெருக்கினால் 234. தமிழ்நாட்டில் ஒவ்வொரு எம்.பி. தொகுதிக்கும் பிசகாமல் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். நான்கு இங்கிருந்து, இரண்டு அங்கிருந்து. பிராணி என்று நினைத்தது வகுத்தல் கணக்கின் மீதியாகப் போயிற்று.

அந்த மீதியிலும் ஓர் அழகு இருக்கிறது, அதை ஆணையம் நினைத்துச் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையவைத்து, வைகை அணையில் தங்கி, வடக்கே நிலக்கோட்டைப் பக்கம் வளைந்து, பேரணையில் பிரிந்து, சோழவந்தான் வயலுக்குப் போகிறது. அணை ஏறக்குறைய நிரம்பும் ஆண்டில்தான் உசிலம்பட்டியின் 58 கிராமக் கால்வாய்க்கு நீர் கிடைக்கும். அணைமட்டம் எத்தனை அடி என்று காலையில் பேப்பரைப் பார்க்கிறவர்கள்தான் இந்தத் தொகுதியின் இரு முனையிலும் இருக்கிறார்கள். தண்ணீர் சுற்றிக்கொண்டு போகிற இடத்துக்குக் கோடு கணவாய் வழியாகக் குறுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

தொகுதி நிலவியல் ரீதியாகக் கச்சிதமாக இருக்க வேண்டும், மலை ஆறுகளையும் நிர்வாக எல்லையையும் போக்குவரத்து வசதியையும் மக்கள் சௌகரியத்தையும் கவனிக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டம் சொல்கிறது. ஆண்டிபட்டிக் கணவாயில் சாலை உண்டு, போடி ரயிலும் உண்டு. இதோடு 2022-இல் ஜம்மு காஷ்மீரில் வரையப்பட்ட அனந்த்நாக் - ரஜௌரி தொகுதியை வைத்துப் பாருங்கள். நடுவே பீர்பஞ்சால் மலைத்தொடர். இரு பக்கத்தையும் இணைக்கும் முகலாயர் சாலை பனிக்காலத்தில் மூடிக்கொள்ளும். 2024 மே 7-இல் நடக்க வேண்டிய வாக்குப்பதிவு, போக்குவரத்துச் சிக்கலைக் காரணம் காட்டி மே 25-க்குத் தள்ளிப்போயிற்று. அதே மறுவரையறையில் ஜம்முவுக்கு ஆறு புதிய சட்டமன்ற இடங்கள், மக்கள் அதிகமுள்ள காஷ்மீருக்கு ஒன்று. கோடு கோணலா நேரா என்று பார்ப்பதைவிட, அதன் மேல் பஸ் ஓடுமா, அதற்குப் பின்னால் கணக்கு நிற்குமா என்று பார்ப்பதுதான் நல்ல வாசிப்பு.

இனி இரண்டாவது அடைப்புக்குறி. ‘பெரியகுளம்’ என்பதற்குப் பக்கத்தில் 2008-இல் ‘தனி’ என்ற சொல் வந்து உட்கார்ந்தது. இரண்டே எழுத்து. ஏற்கெனவே முதல்வராக இருந்தவர் ஊரை மாற்ற அது போதுமானதாக இருந்தது. 2001-லும் 2006-லும் பெரியகுளத்தில் வென்ற ஓ.பன்னீர்செல்வம், 2011-இல் போடிநாயக்கனூருக்குப் போனார். அங்கே அந்தத் தேர்தலிலும் அடுத்த இரண்டிலும் வென்றார். பெரியகுளத்திலோ 2011-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் லாசர் சட்டமன்றம் போனார். பட்டியல் சாதியினரின் விகிதம் எங்கே கூடுதலோ அங்கே தனித்தொகுதி, அதுவும் பல பக்கமும் பரவலாக என்பது விதி. விதி நல்லதுதான். ஆனால் ‘பகுதி’யைப் போடும் கை எந்த ஊரை எங்கே சேர்க்கிறதோ, அதைப் பொறுத்து விகிதமும் மாறும். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் தொகுதிகள் சில மாநிலங்களில் தனித்தொகுதிகளாக இருப்பதை 2006-லேயே சச்சார் குழு சுட்டிக்காட்டியது. நம் நாட்டில் கெர்ரியின் பிராணி வருமானால் நெளிந்துகொண்டு வராது, அடைப்புக்குறிக்குள் பதுங்கித்தான் வரும்.

அதைத் தடுக்க என்ன இருக்கிறது? அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஆளுங்கட்சியே கோடு போடும். 2025-இல் டெக்சாஸ், கணக்கெடுப்புக்குக்கூடக் காத்திருக்காமல் நடுவிலேயே படத்தை மாற்றியது. இங்கே ஓய்வுபெற்ற நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம் வேலை செய்தது. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் இணை உறுப்பினர்களாக உட்காரலாம், பேசலாம். வாக்களிக்கவோ கையெழுத்திடவோ முடியாது. வரைவு வெளியாகும், பொதுமக்கள் ஆட்சேபம் சொல்லலாம். ஆனால் இறுதி ஆணை வந்தபின் கோர்ட்டுக்குப் போக அரசமைப்புச் சட்டத்தின் 329-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அப்பட்டமான தன்னிச்சை இருந்தால் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறது. ஆக, படிக்க வேண்டிய நேரம் வரைவு வரும் நேரம்தான். தீபாவளி மலரைப் புரட்டுவதுபோலப் புரட்டாமல், பத்திரம் படிப்பதுபோலப் படிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு நுட்பம். தேனி ஒன்றை இழந்த அதே ஆணையில் சென்னை 14-இலிருந்து 16 தொகுதிகளுக்கு உயர்ந்தது. சென்னையின் 43 லட்சத்தை அதே 2,66,700-ஆல் வகுத்துப் பாருங்கள், பதினாறே வரும். கணக்கில் துளி பிசகில்லை. மக்கள் பெருகிய நகரம் பெற்றது, அந்த அளவுக்குப் பெருகாத பள்ளத்தாக்கு கொடுத்தது. இன்று தமிழ்நாடு டெல்லியிடம் சொல்கிற முறையீடும் இதுதானே? 1962-இல் 41 ஆக இருந்த நம் மக்களவை இடங்கள் 1967-இல் 39 ஆயின. 1976-இல் மாநிலங்களுக்கான எண்ணிக்கையை 1971 கணக்கோடு உறையவைத்தார்கள், 2002-இல் அந்த உறைவை 2026 வரை நீட்டினார்கள். குடும்பத்தைக் கட்டுப்படுத்திய மாநிலம் தண்டிக்கப்படக் கூடாது என்று 2025 மார்ச்சில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடிப் பேசியது. நியாயமான பேச்சு. அந்தப் பேச்சின் சின்ன உருவம் தேனியில் முன்பே நடந்து முடிந்துவிட்டது. மாநிலங்களுக்கிடையே 1971-இன் எண், மாநிலத்துக்குள்ளே 2001-இன் எண். ஒரே நாட்டில், ஒரே ஆணையில், இரண்டு வகுத்தல்.

டீக்கடை இளைஞர் மனுவை எடுத்துக்கொண்டு எழுந்தார். “அப்ப நான் யார்கிட்ட குடுக்கிறது?” என்றார். “வீடு எங்க பிடிச்சிருக்க?” “பழனிசெட்டிபட்டி.” “அப்ப போடி,” என்றார் கடைக்காரர். “பாலத்துக்கு இங்கிட்டு டீ குடிக்கலாம். மனு அங்கிட்டுத்தான்.”