கொல்லைப்புறத்து லிப்ட்

விமர்சனம் என்றால் கவிதையையும் நாவலையும் மட்டும்தான் வாசிக்க வேண்டுமா? பெரம்பூரில் பி அண்ட் சி ஆலை இருந்த நிலத்தில் இன்று சொகுசு அடுக்குமாடிகள் நிற்கின்றன. இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்காக வழவழத் தாளில் வரும் விளம்பரங்களை நான் ஓர் இலக்கியப் பிரதியாகவே வாசிக்கிறேன். அந்தப் பிரதியில் திரும்பத் திரும்ப வருகிற சொல் 'பாதுகாப்பு'. யாரிடமிருந்து? ஆலை நிலத்து மதிலுக்கு வெளியே இருப்பது புளியந்தோப்பு, பட்டாளம், கன்னிகாபுரம், வியாசர்பாடி. அதாவது நாம.

விளம்பரத்தோடு வரும் வரைபடத்தைப் பாருங்கள். சென்ட்ரல் எத்தனை நிமிஷம், அண்ணா நகர் எத்தனை நிமிஷம் என்று போட்டிருப்பான். பக்கத்தில் இருக்கிற சேரியும் ஆடுதொட்டியும் அதில் இருக்காது. நிலத்திலிருந்து நம்மைக் கிளப்புவதற்கு முன்னாலேயே தாளிலிருந்து கிளப்பியாகிவிட்டது.

இதற்கு எதிராக நம் முற்போக்கு நண்பர்கள் வேறொரு பிரதியைக் காட்டுவார்கள். 1918 ஏப்ரலில் இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, வாடியா பேசினார், திரு.வி.க. நின்றார், 1996இல் ஆலை மூடப்பட்டதோடு ஒரு யுகம் முடிந்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் 1921 வேலைநிறுத்தம் வரும்போது அந்தப் பிரதியும் தடுமாறுகிறது. வேலைக்குப் போன ஆதிதிராவிடர்களைக் 'கருங்காலிகள்' என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறது. புளியந்தோப்பில் குடிசைகள் கொளுத்தப்பட்டதும், எம்.சி. ராஜா அந்த மக்கள் பக்கம் நின்று நீதிக்கட்சியோடு முரண்பட்டதும் அடிக்குறிப்பாகச் சுருங்குகின்றன. கூலி நின்றால் மறுநாள் யார் வீட்டு அடுப்பு எரியும், யார் வீட்டு அடுப்பு எரியாது? சங்கம் யார் கையில் இருந்தது? இந்தக் கேள்விகளைக் கேட்காத தொழிலாளர் வரலாறும் மதில் கட்டின வரலாறுதான்.

இப்போது மதிலுக்கு உள்ளே போவோம். இதே நகரத்தில், வேறோர் அடுக்குமாடியில், எங்க சித்தி வீட்டு வேலை செய்யுது. பத்தாவது மாடி. முன்பக்கம் ரெண்டு லிப்ட், பின்பக்கம் ஒண்ணு. மொத நாளே வாட்ச்மேன், "உங்களுக்கு அந்தாண்ட இருக்குதும்மா"ன்னு கையக் காட்டிட்டாரு. சாதி என்னான்னு யாரும் கேக்கல. கேட்க வேண்டிய தேவையே இல்லை. குப்பைக் கூடை, சிமெண்டு மூட்டை, சித்தி, எல்லாத்துக்கும் அந்த ஒரே லிப்ட்டுதான். பழைய வீடுகளில் மலம் அள்ள வருகிறவருக்குக் கொல்லைப்புறத்தில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். அந்தச் சந்தைத்தான் இப்போது நிமிர்த்தி வைத்து, மின்சாரம் கொடுத்து, 'சர்வீஸ்' என்று எழுதியிருக்கிறார்கள்.

மாடி வீடே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் ஜனத்துக்கும் மாடி கிடைத்திருக்கிறதே, எப்படிப்பட்ட மாடி? புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் வாரியம் கட்டிய குடியிருப்பில், 2021 ஆகஸ்டில், ஜனங்கள் குடியேறிய கையோடு சுவர்ப்பூச்சு தொட்டால் உதிர்ந்தது. சட்டமன்றம் வரைக்கும் பேச்சானது. அதே ஆண்டு குடிசை மாற்று வாரியத்துக்கு 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயரை மாற்றினார்கள். பெயருக்குப் பூச்சு நன்றாகவே பிடித்தது. நகரத்துக்குள் இடம் கிடைக்காதவர்களுக்குக் கண்ணகி நகர், பெரும்பாக்கம். பெரம்பூரிலிருந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலையில் வாசல் பெருக்கப் போகிறவள் எத்தனை மணிக்கு பஸ் ஏறுவாள்?

"நம்மாளு ஒருத்தர் அதிகாரியாகி அங்கேயே வீடு வாங்கிட்டா, அப்ப என்ன சொல்லுவ?" என்று ஒரு தோழர் கேட்டார். வாங்கட்டும், முன்பக்க லிப்டில் போகட்டும். சந்தோஷம்தான். ஆனால் அவர் அம்மா ஒரு நாள் ஊரிலிருந்து கண்டாங்கிச் சேலையோடு வந்து இறங்கினால் வாட்ச்மேன் எந்தப் பக்கம் கை காட்டுவார்? அவர் வாங்கியது தனக்கு ஒரு வழி. அந்தக் கட்டடத்தின் ஒழுங்கு அப்படியேதான் இருக்கிறது.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு எதிராக அம்பேத்கர் பேசினார். நகரம் நம்மவர்க்கு ஏன் வேண்டியிருந்தது? அங்கே யார் மகன் என்று கேட்காமல் டீ கொடுப்பான், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவான் என்பதற்காகத்தான். இந்த அடுக்குமாடி அந்த நகரத்தை ஒழித்துக்கட்டுகிறது. ஊர், சேரி, இடையில் எல்லை, தனிப்பாதை என்று நாம் விட்டு ஓடிவந்த கிராமத்தை அப்படியே நிற்கவைத்துக் கட்டி, அதற்குப் பராமரிப்புக் கட்டணமும் வாங்குகிறது.

ஆகவே நண்பர்களே, ஆலை நிலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சங்கு ஊதிய ஏக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஆலைக்கு வேலைக்குப் போன நம் கிழவர்கள், கிழவிகள் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் இன்னமும் இருக்கிறார்கள். எந்தப் பிரிவில் வேலை, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், 1921 பற்றித் தாத்தா என்ன சொன்னார் என்று மாணவர்கள் போய்க் கேட்க வேண்டும். கேட்டதை அவர்கள் பேச்சிலேயே எழுத வேண்டும். விளம்பரக்காரனின் வரைபடத்தில் விடுபட்ட தெருக்களின் பெயர்கள் அந்த வாய்களில்தான் இருக்கின்றன.